மறைத்தால் குணமாகாது: போதைக்கு எங்கே உதவி கேட்பது?



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளிலிருந்து நம் டிரஸ்ட்டுக்கு வரும் தாய்மார்களில் சிலர், கல்வி உதவி கேட்டு வந்ததாகத்தான் சொல்வார்கள். மற்றவர்கள் எழுந்து போன பிறகே உண்மை வெளியே வரும். "பையன் மாத்திரை போடுறான். ஜமாஅத்துக்குத் தெரிஞ்சா இவன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராதுங்க." இந்தப் பயத்திலேயே இரண்டு மூன்று வருடங்கள் போய்விடுகின்றன.

மது ஹராம் என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்தத் தடையும் ஒரே நாளில் வரவில்லை. 2:219, 4:43, 5:90 வசனங்கள் வழியாகப் படிப்படியாகவே வந்தது. குடித்ததற்காகத் தண்டனை பெற்ற ஒருவரை மற்றவர்கள் சபித்தபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹ் புகாரியில் உள்ளது. பாவத்தை வெறுப்போம், பிள்ளையைக் கைவிட மாட்டோம். தவ்பாவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்.

வீட்டில் செய்யக் கூடாதவை

சத்தியம் வாங்கிக்கொண்டு அறையில் பூட்டி வைப்பது ஆபத்து. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை தொடங்கி, ஓரிரு நாட்களில் வலிப்பும், அதன்பின் புத்தி தடுமாற்றமும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். வலிப்பு வந்தால் உடனே 108ஐ அழையுங்கள். வலி மாத்திரை, ஊசிப் பழக்கத்தைச் சில வாரம் விட்டிருந்தவர் மீண்டும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடக்கூடும்.

எங்கே போகலாம்?

முதலில் ஒரு போன் போதும். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். நம் ரயில் தடத்திலேயே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பார்க் ஸ்டேஷன் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் உள்ளன. மனநலப் பிரிவில் கேளுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை உண்டு. அடையாறு இந்திரா நகரில், சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தாருக்கும் சேர்த்தே ஆலோசனை தருகிறது.

தனியார் மையமென்றால் மாநில மனநல ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாண்டதை நாம் மறக்கலாகாது. சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது. பிள்ளையைப் பார்க்க விடாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

போலீஸ் பயம்

சொந்த உபயோகத்துக்காகச் சிறிய அளவு வைத்திருந்து வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம். இதை வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி சறுக்குவதும் உண்டு. அப்போது ஏசாமல் மறுபடி அழைத்துப் போங்கள். பள்ளிவாசலுக்கு வந்தால் பக்கத்தில் இடம் கொடுங்கள். வேலை இருந்தால் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நம்மிடம் வாருங்கள். பெயர் வெளியே போகாது.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக, ஆமீன்.