குழுவில் சேரலாமா?

கேள்வி: லண்டனில், என் வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தொழில் செய்கிறேன். இங்கிலாந்தின் அரசு ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டில் பதிந்திருக்கிறேன். எங்கள் பகுதியில் இதே தொழில் செய்பவர்கள் தங்கள் குழுவில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: கட்டாயம் சேருங்கள், சகோதரி. நாள் முழுக்கப் பெரியவர் ஒருவரோடும் பேச முடியாத வேலை இது. இரண்டு வயதாகியும் ஒரு குழந்தைக்குப் பேச்சு வரவில்லை என்றால், அதைத் தாயிடம் எப்படி எடுத்துச் சொல்வது? அனுபவப்பட்டவரிடம் கேட்டாலே பாதிப் பாரம் இறங்கிவிடும். மூன்று ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டிய முதலுதவிப் பயிற்சி எங்கே நடக்கிறது, ஆய்வுக்கு வந்தவர் என்னென்ன கேட்டார் என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும்.

உங்களுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் மலைபோல் நம்பிவிடாதீர்கள். இங்கிலாந்து விதிப்படி ஒருவர் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பேரை, அதிலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் என்றால் மூன்று பேரைத்தான், வழக்கமாக வைத்துக்கொள்ளலாம். அவரிடம் இடம் இருக்க வேண்டும்; பெற்றோரும் சம்மதிக்க வேண்டும்.

இந்தக் குழு வேறு; 2014 சட்டத்தால் வந்த, இத்தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் ஏஜென்சிகள் வேறு. அங்கே பதிவது ஆஃப்ஸ்டெட் பதிவுக்கு மாற்று. கையெழுத்துப் போடுமுன் குழுவா, ஏஜென்சியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் போடவே வேண்டாம்.