பலம் மட்டும் போதுமா? – டபிள்யூ.டி.பி.4 டீசல் என்ஜின்



ரயில் என்ஜினைப் பார்த்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். அது மட்டும் போதாது என்று பாடம் சொல்லிக்கொடுத்த என்ஜின் ஒன்று இருக்கிறது. அதுதான் டபிள்யூ.டி.பி.4. 'டபிள்யூ' என்றால் அகலப்பாதை, 'டி' என்றால் டீசல், 'பி' என்றால் பயணிகள் வண்டி.

பிறந்த கதை

1960-களிலிருந்து நம் நாட்டில் ஓடிய டபிள்யூ.டி.எம்.2 என்ஜினின் திறன் 2,600 குதிரைத்திறன். நீளமான எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு அது பற்றவில்லை. ஆகவே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்து எலக்ட்ரோ-மோட்டிவ் பிரிவிடமிருந்து புதிய தொழில்நுட்பம் வாங்கப்பட்டது. 2001-ல் 10 என்ஜின்கள் கட்டி முடித்தே கப்பலில் வந்தன. பிறகு வாரணாசி தொழிற்சாலையில் இங்கேயே தயாரித்தார்கள். ஹூப்ளி ஷெட்தான் இவற்றின் முதல் வீடு.

உள்ளே என்ன?

16 சிலிண்டர், டர்போசார்ஜர் பொருத்திய டூ-ஸ்ட்ரோக் டீசல் என்ஜின். 4,000 குதிரைத்திறன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு மட்டும் 710 கன அங்குலம், அதாவது சுமார் 11.6 லிட்டர்! டீசல் என்ஜின் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். ரெக்டிஃபையர் அந்த மின்சாரத்தை டி.சி.யாக்கும். இன்வெர்ட்டர் அதைத் திரும்ப மூன்று ஃபேஸ் ஏ.சி.யாக்கி, சக்கரத்தைச் சுழற்றும் இன்டக்ஷன் மோட்டாருக்குக் கொடுக்கும்.

எங்கே சிக்கல்?

இந்த என்ஜினுக்கு 6 அச்சுகள். ஆனால் மோட்டார் 4 அச்சுகளுக்குத்தான். வடிவமைத்தவர்கள் விவரம் தெரியாமல் செய்யவில்லை. திறன் = விசை × வேகம். 100 கி.மீ. வேகத்தில் 4,000 குதிரைத்திறனால் கிடைக்கும் இழுவிசையே அதிகபட்சம் சுமார் 11 டன்தான். அதற்கு 4 மோட்டார் தாராளம். இரண்டு மோட்டார் மிச்சம்.

ஆனால் வண்டி கிளம்பும்போது கணக்கே வேறு. அங்கே இழுவிசையை முடிவு செய்வது தண்டவாளத்தில் சக்கரத்துக்குக் கிடைக்கும் பிடிப்பு. ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். என்ஜினோடு சேர்த்து வண்டியின் எடை 1,400 டன், பாதை 100-க்கு 1 ஏற்றம், மழை ஈரத்தில் பிடிப்புக் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம்.

ஏற்றத்துக்குத் தேவை: 14 டன்
உருளும் தடை (டன்னுக்கு 5 கிலோ): 7 டன்
மொத்தம்: 21 டன்

ஓர் அச்சின் மேல் சுமார் 20 டன் எடை. மோட்டார் உள்ள 4 அச்சுகளின் பிடிப்பு 80 × 0.2 = 16 டன். வண்டி நகராது, சக்கரம் வழுக்கும்! 6 அச்சுக்கும் மோட்டார் இருந்தால் 120 × 0.2 = 24 டன். கிளம்பிவிடும்.

எங்க வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். மாட்டுவண்டி ஓட்டின அப்பாகிட்ட இதைச் சொன்னேன். "மாட்டுக்குப் பலம் இருந்து என்னடா? சேத்துல குளம்பு ஊனலேன்னா வண்டி எப்படி நகரும்?" என்றார். நான் ஒரு பக்கம் கணக்குப் போட்டதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

திருத்தமும் பிறகும்

2010-ல் வந்த டபிள்யூ.டி.பி.4பி வகையில் 6 அச்சுகளுக்கும் மோட்டார் வைத்தார்கள். திறனும் 4,500 ஆனது. அடுத்து வந்த 4டி வகையில் இரண்டு முனையிலும் டிரைவர் அறை வைத்ததால், நீண்ட மூக்குக்குப் பின்னாலிருந்து சிக்னல் தேடும் தொல்லையும் தீர்ந்தது.

பாதைகள் மின்மயமானதும் இந்த என்ஜின்களுக்கு வேலை குறைந்தது. வாரணாசித் தொழிற்சாலையே 2020-ல் 'டீசல்' என்ற சொல்லை விட்டு பனாரஸ் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ் ஆனது. "அப்போ டீசல் படிச்சு என்னப்பா பிரயோஜனம்?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். வேலை கிடைக்குமா என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் இன்றைய மின்சார என்ஜினுக்கு அடியில் இருப்பதும் அதே மூன்று ஃபேஸ் இன்டக்ஷன் மோட்டார்தான். மழையில் சக்கரம் வழுக்கும் கணக்கும் மாறவில்லை. என்ஜின் மாறும், அடிப்படை மாறாது. அதை அரியர் இல்லாமல் படிப்போம், நண்பர்களே!