பிறை பார்த்துத் தேதி குறி

அன்புள்ள தம்பிக்கு,

சொகுசுக் கப்பலில் நேவிகேஷன் அதிகாரியாகப் பொறுப்பேற்றிருக்கிறாய். பெரிய துறைமுகங்களில் பைலட், இழுவைப்படகு, ஆழமான வாய்க்கால் எல்லாம் தயாராக இருக்கும். அங்கே உன் சுமை பாதி குறையும். உன்னைச் சோதிக்கப் போவது சிறிய துறைமுகங்கள்தான். ஆங்கிலக் கால்வாயில் உள்ள கெர்ன்சித் தீவின் செயின்ட் பீட்டர் போர்ட்டை எடுத்துக்கொள். சென்னையில் கடல் ஓதத்தின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். செயின்ட் பீட்டர் போர்ட்டிலோ அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து வரும் பெரிய ஓதத்தில் சராசரி உயர்மட்டம் 9.3 மீட்டர், தாழ்மட்டம் 1.4 மீட்டர். ஆறு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 8 மீட்டர் தண்ணீர் இறங்கிவிடும். அரைநிலாவை ஒட்டிய சிறிய ஓதத்திலோ வித்தியாசம் 3.4 மீட்டர்தான். ஆகவே இந்த ஊரில் ஓதம் என்பது கப்பல் போய்ச் சேர்ந்த அன்று சமாளிக்க வேண்டிய இடைஞ்சல் அல்ல, பயணத் தேதி குறிக்கும்போதே தீர்க்க வேண்டிய கணக்கு என்பது என் கட்சி.

கப்பல்தான் உள்ளே நுழைவதே இல்லையே, வெளியே ஆழத்தில் நங்கூரம் போட்டு டென்டர் படகில் ஆட்களை இறக்குகிறோம், கரையில் இருப்பது மிதவை, அது தண்ணீரோடு ஏறி இறங்கும், பிறகு ஓதம் நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். மிதவை ஏறி இறங்கும், சரி. ஆனால் மிதவையையும் கரையையும் இணைக்கும் கேங்வேயின் ஒரு முனை கரையில் பூட்டியிருக்கிறது. ஒரு பேச்சுக்கு அது 30 மீட்டர் நீளம் என்று வை. மிதவை 8 மீட்டர் தாழ்ந்தால் சரிவு 15 பாகையைத் தாண்டும். இளைஞனுக்கு அது ஒன்றுமில்லை. கைத்தடியோடு வரும் எழுபது வயதுக்காரருக்கும், சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு இறங்குபவருக்கும் அது ஏறக்குறைய மூடிய வழி. சொகுசுக் கப்பல்களில் வருபவர்களில் முதியவர்களே கணிசம் என்பதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அதிலும் சூட்சுமம் என்னவென்றால், தண்ணீர் ஒரே சீராக இறங்குவதில்லை. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு பங்கு, மூன்றாவது நான்காவது மணிகளில் மும்மூன்று பங்கு. அதாவது நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 4 மீட்டர். காலை 9 மணிக்குச் சமதளமாக நடந்து போனவர், மதியம் திரும்பி வந்து அதே கேங்வேயைப் பார்த்து மலைத்து நிற்பார்.

இனி முக்கியமான விஷயம். ஓர் ஊரில் பெரிய ஓதத்தின் உயர்மட்டம் எப்போதும் ஏறத்தாழ ஒரே மணியில்தான் வரும். செயின்ட் பீட்டர் போர்ட்டில் அது கோடைக்கால நேரப்படி காலை, மாலை 8 மணியை ஒட்டி வரும். அப்படியானால் தாழ்மட்டம் பிற்பகல் 2 மணியை ஒட்டி. ஒருநாள் வருகையின் நட்டநடு நேரம் அது! கேங்வே செங்குத்தாக நிற்பதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. கெர்ன்சிக்கும் ஹெர்ம் தீவுக்கும் இடையிலுள்ள லிட்டில் ரசல் வாய்க்காலில், தண்ணீர் இறங்கி நின்றதும் நீரோட்டமும் நின்றுவிடும் என்று நினைத்துவிடாதே. அங்கே நீரோட்டம் தளர்வது ஓதத்தின் நடுப்பகுதியில். உயர்மட்டத்தையும் தாழ்மட்டத்தையும் ஒட்டித்தான் அது உச்சத்தில் ஓடும், பெரிய ஓதத்தில் 5 நாட் வரை. காற்று அதற்கு எதிர்த்தால் கடல் குத்துக்குத்தாக எழும். கப்பல் காற்றுக்குத் திரும்பாமல் நீரோட்டத்துக்குத் திரும்பி நிற்பதால், டென்டர் மேடை இருக்கும் பக்கம் அலையைப் பார்த்தபடி அமைந்துவிடுவதும் உண்டு. ஓட்டம் மாறும்போது கப்பல் சுழலும் என்பதால் இரண்டு பக்க மேடைகளையும் தயாராக வைத்திரு.

ஆகவே பெரிய ஓத நாளில் பிற்பகல் 3 மணிக்குப் புறப்படும் அட்டவணையைவிட மோசமானது வேறில்லை. 2,000 பயணிகள், நடைக்கு 100 பேர் என்றால் 20 நடை. நான்கு படகுகள், போய் வர 40 நிமிடம் என்றால் மணிக்கு ஆறு நடை, மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல். அந்த மூன்று மணி நேரமும் தாழ்மட்டத்தின் தலையில் விழும். அதே நாளில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டால் கதை வேறு. காலையில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது இறக்கிவிட்டு, விக்டர் ஹ்யூகோ வாழ்ந்த ஓட்வில் இல்லத்தையும் கடைத்தெருவையும் நிதானமாகப் பார்க்க விட்டு, மாலை 4 மணிக்கு மேல் தண்ணீர் ஏறும்போது திரும்ப அழைக்கலாம். அரைநிலா வாரத்தில் உயர்மட்டமே நண்பகலுக்குச் சற்றுப் பின் வருவதால் சீக்கிரம் புறப்பட்டாலும் குறையில்லை.

தேதியைக் கம்பெனி இரண்டு வருடம் முன்பே முடிவு செய்துவிடுகிறதே, ஓர் இளம் அதிகாரி சொல்லி யார் கேட்பார் என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானதுதான். ஆனால் ஓதத்தையும் இரண்டு வருடம் முன்பே கணக்கிட முடியும். முன்கூட்டித் தெரியாதது காற்று மட்டுமே. துறைமுகம் கிழக்கு நோக்கியிருப்பதால் கிழக்குக் காற்று பலமாக வீசினால் எந்தப் பிறையும் உன்னைக் காப்பாற்றாது, வருகையை ரத்து செய்யத்தான் வேண்டும். காற்றைக் கணிக்க முடியாததால் ஓதத்தையும் பார்க்க வேண்டாம் என்பது வாதமாகாது. தேதியை மாற்ற முடியாவிட்டாலும் புறப்படும் மணியை மாற்றக் கேட்கலாம். பக்கத்துத் துறைமுகத்துக்குக் குறித்த நாளோடு இந்த நாளை மாற்றிக்கொள்ளவும் கேட்கலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த ஊருக்கான அச்சிட்ட ஓத அட்டவணைகளில் நேரம் பெரும்பாலும் கிரீன்விச் நேரம். கோடையில் ஒரு மணி கூட்ட மறந்தால், பெரிய ஓதத்தின் நடுவில் 2 மீட்டர் தவறிப்போகும். அடுத்த பயண அட்டவணையின் வரைவு கப்பலுக்கு வரும்போது, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பிறையையும் தாழ்மட்ட மணியையும் எழுதி, கேப்டனின் கையெழுத்தோடு மேலே அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்