செருப்போடு போகலாம், தீர்த்தம் குடிக்கக் கூடாது

வெஸ்ட் வின்ட்சர் தமிழ் வீடுகளில் ஜப்பான் பயணப் பேச்சு எழுந்தால், “ஜப்பான் கோயில் பிலடெல்பியாவிலேயே இருக்கே” என்று ஒருவராவது சொல்வார். அவர் சொல்வது ஃபேர்மவுண்ட் பூங்காவின் ஷோஃபுசோவை. அது கோயில் அல்ல, 17ஆம் நூற்றாண்டுப் பாணி வீடு. 1953இல் நகோயாவில் செய்து, 1954இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்து, 1958இல் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வீடு என்பதால் உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டும்.

ஜப்பானின் ஷிண்டோ மதக் கோயிலில் அந்தக் கட்டாயம் இல்லை. தோரி எனும் வாசலில் தலைவணங்கி, உண்டியல் வரை காலணியோடே போகலாம். தனிப் பூஜைக்காக மண்டபத்துக்குள் ஏறினால்தான் கழற்ற வேண்டும். வழியில் தொட்டித் தண்ணீரைக் கண்டதும் நம் கை தானாகக் குவியும். ஆனால் அது தீர்த்தமல்ல. அகப்பையால் மொண்டு முதலில் இடக்கை, பிறகு வலக்கை கழுவி, உள்ளங்கையில் ஊற்றி வாய் கொப்பளித்துத் தொட்டிக்கு வெளியே துப்ப வேண்டும்.

உள்ளே மூலவரைத் தேடி எட்டிப் பார்ப்பதிலும் பயனில்லை. பெரும்பாலும் கண்ணாடி, வாள் போன்ற ஒரு பொருளில் தெய்வம் உறைவதாக நம்புகிறார்கள்; அதையும் காட்டுவதில்லை. ஃபுஷிமி இனாரி கோயிலின் நரிச் சிலைகள் தெய்வமல்ல, நெல்லுக்குரிய இனாரியின் தூதர்கள்.

“நம்ம சரஸ்வதி அங்கே ஷிண்டோ தெய்வம்” என்பது பாதி உண்மை. அவள் பௌத்தத்தின் வழியாகப் போய் பென்சாய்டென் ஆனவள். 1868இல் மெய்ஜி அரசு பௌத்தத்தையும் ஷிண்டோவையும் பிரிக்க ஆணையிட்டதும், பல இடங்களில் அவள் இடத்தில் இச்சிகிஷிமாஹிமே என்ற தேவி வந்தாள். இத்தனைக்குப் பிறகும் எனோஷிமா கோயிலில் பென்சாய்டென் சிலைகளை இன்றும் பார்க்கலாம். ஆணை போட்டு அழிக்க முடியாத பக்தி இது என்பேன்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழமை என்றால் கல். இசே கோயிலோ மரம். 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாக எழுப்புகிறார்கள். 62ஆவது முறை 2013இல் நடந்தது, அடுத்தது 2033இல்.

வழிபடும்போது இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவதுதான் பொது வழக்கம். ஆனால் இசுமோ கோயிலில் நான்கு தட்டு. போகும் இடத்தின் பலகையைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்.