பிடிக்க வேண்டாம், பூட்டிவிடுங்கள்

சதுரங்கத்தில் எதிராளியின் காய் ஒன்று ஓரத்தில் மாட்டிக்கொள்கிறது. வெட்டப் போனால் எப்படியோ நழுவிவிடுகிறது. என்ன செய்யலாம்?

வெட்டவே போகாதீர்கள். அது வெளியே வரும் வழியை அடைத்துவிட்டு, பலகையின் மறுபக்கம் சண்டையைத் தொடங்குங்கள். 1919 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் சதுரங்க வீரர் கபாபிளாங்கா செய்தது இதுதான். எதிராளி வின்டரின் பிஷப் ஜி3 கட்டத்தில் ஒதுங்கியதும், ராணிகளை வெட்டிக்கொண்டு, 15-வது நகர்த்தலில் எஃப்6-க்குச் சிப்பாயைத் தள்ளினார். இ5, எஃப்6, ஜி5 சிப்பாய்கள் சேர்ந்து மூலைவழியை மூடின. பிறகு யானையை பி8-க்குக் கொண்டுபோய் பி, சி சிப்பாய்களை நகர்த்தினார். எண்ணிக்கையில் காய்கள் சமம்தான். ஆனால் சண்டை நடந்த பக்கத்தில் அவருக்கு ஒரு காய் கூடுதல். அதற்குள் பிஷப் வெளியே வந்துவிடாதா என்பீர்கள். வரலாம், அதற்கு நேரம் வேண்டும், சிப்பாயையும் பறிகொடுக்க வேண்டும். கபாபிளாங்காவின் யானைகள் அதுவரை பொறுக்குமா? 29-வது நகர்த்தலில் வின்டர் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிஷப் ஜி3-ஐ விட்டு அசையவே இல்லை.