சிக்கனமான வீட்டுத் திரைக் கணினி

வீட்டுத் தொலைக்காட்சியில் படமும் பார்க்க வேண்டும், பிள்ளைகள் பழைய விளையாட்டுகளும் ஆட வேண்டும். செலவோ சுருங்க வேண்டும். வழி உண்டு. அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு கணினியொன்றை வாங்குவோம். 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, எச்டிஎம்ஐ இணைப்பு இருக்கின்றனவா என்று பார்ப்போம். படத்துக்குக் ‘கோடி’, விளையாட்டுக்கு ‘ரெட்ரோஆர்ச்’. இரண்டு மென்பொருளும் இலவசம்.

எமுலேட்டர் ஒரு மொழிபெயர்ப்பாளர். பழைய இயந்திரத்தின் கட்டளையை நம் கணினிக்கு மாற்றித் தருவது. 1994-இல் வந்த பிளேஸ்டேஷன் எளியது. சாதாரணக் கணினி போதும். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 சிக்கலானது. ஒவ்வொரு கோரும் வேகமாயிருக்க வேண்டும். கோர்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது.

ஆயிரம் விளையாட்டு நிரப்பிய பெட்டி மலிவாய்க் கிடைக்கும். பெரும்பாலும் திருட்டு நகல்களே. நம் சரக்கைப் பிறர் அப்படி விற்றால் பொறுப்போமா?