பெயரை அழிக்கும் முன்



வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை எப்போதோ நீக்கியாயிற்று, கன்ட்ரோல் பேனல் பட்டியலில் அதன் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தாய், தம்பி. அந்த வரியை அழிப்பது சுலபம். அழிக்கலாமா என்று தீர்மானிப்பதுதான் நம் தொழில்.

விண்டோஸ் அந்தப் பட்டியலை டிஸ்க்கைத் தேடிப் பார்த்துத் தயாரிப்பதில்லை. ரெஜிஸ்ட்ரியில் 'அன்இன்ஸ்டால்' என்ற கிளையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். அங்கே ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கீ உண்டு. 'டிஸ்ப்ளேநேம்' என்பது திரையில் தெரியும் பெயர். 'அன்இன்ஸ்டால்ஸ்ட்ரிங்' என்பது நீக்குவதற்கான கட்டளை. யாராவது ஃபோல்டரைக் கையால் அழித்துவிட்டால் கட்டளை தேடும் ஃபைல் இருக்காது, பெயர் தங்கிவிடும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருளுக்கு 'வாவ்6432நோட்' என்ற கிளையில் தனி இடம். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவியது 'கரன்ட் யூசர்' பகுதியில் இருக்கும். மூன்று இடங்களிலும் பார்.

மிச்சமிருப்பது பெயர் மட்டும்தானா என்று முதலில் உறுதிசெய். பழைய ஆன்டிவைரஸ் என்றால், ஃபோல்டர் காலியாக இருந்தாலும் அதன் டிரைவர் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அந்நிலையில் கீயை அழித்தால், முறையாக நீக்கும் வழியை நீயே அடைத்ததாகும். அதே பதிப்பை மறுபடி நிறுவி, பிறகு ஒழுங்காக நீக்கிப் பார். பல ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் இதற்கென்றே தனிக் கருவி தருகின்றன. மைக்ரோசாஃப்ட்டின் ட்ரபிள்ஷூட்டரும் உண்டு. இவை எதற்கும் மசியாத பெயருக்குத்தான் ரெஜிஸ்ட்ரி.

அங்கும் அவசரம் வேண்டாம். சில கீகளின் பெயர் நெளி அடைப்புக்குள் நீண்ட எண்ணும் எழுத்துமாக இருக்கும். ஒன்று மற்றொன்று போலவே தோன்றும். திறந்து டிஸ்ப்ளேநேமைப் படித்த பிறகே கை வை. அந்தக் கீயை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து சேமி. பிறகு அதை மட்டும் அழி. 'அன்இன்ஸ்டால்' கிளையையே அழித்துவிட்டால் அதிலுள்ள பெயர்கள் மொத்தமும் பட்டியலிலிருந்து போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் சுத்தம் செய்வதாகச் சொல்லும் கருவிகளை நம்பாதே. மைக்ரோசாஃப்ட்டே கொடுத்துவந்த 'விண்டோஸ் இன்ஸ்டாலர் க்ளீன்அப்' கருவி மற்ற மென்பொருள்களையும் கெடுத்ததால், 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

வேலை முடிந்ததும் எதை அழித்தாய் என்று வாடிக்கையாளரிடம் சொல். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலையும் அவரிடமே கொடு. பட்டியலில் ஒரு வெற்றுப் பெயர் கிடப்பதால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடாது. சந்தேகம் இருந்தால் அதை விட்டுவிடு, தம்பி.